பெற்றோல் தாங்கி கிண்டேக்க காத்து அளக்க வாற சேர்விஸ், காசுக்குப் பெறுமதியா?

முதல்லயே மார்க்கைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைக் கதைக்கிறன். வேலைத்தளத்தில நிண்டு செய்ததுக்கு அஞ்சுக்கு நாலரை, பேந்து அனுப்பின றிப்போட்டுக்கு அஞ்சுக்கு ரெண்டு. கம்பனிப் பேர் போடேல்ல, ஏனெண்டா குறையும் எழுதப்போறன், குறையும் எழுதிப் பேரும் போட்டா அவை ஒருபக்கம் எங்களுக்கு மேல இருக்கிற கொன்ட்ராக்டர் ஒருபக்கம் எண்டு போன் அடிச்சே ஆளைக் கொண்டுபோடுவினம். கொழும்பில இருந்து வாற ஆக்கள், அவ்வளவு காணும்.

வேலை என்னெண்டா ஏ9 ரோட்டில கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில ஒரு பழைய பெற்றோல் செட், சண்டைக்கு முந்தித் தாட்ட இரும்புத் தாங்கியள், ரெண்டு பெற்றோல் ஒண்டு டீசல், எல்லாம் எடுத்துப்போட்டு புதுசு வைக்கோணும். பெக்கோவும் பொடியளும் என்ர. கிண்டுறது, பைப் கழட்டுறது, தாங்கியைத் தூக்கி லொறியில ஏத்துறது எல்லாம் நாங்கள். இந்த மாதிரி வேலை செய்யேக்க தொழிலாளி என்னத்தை மூச்சில இழுக்கிறான் எண்டு அளக்கிற ஒரு ஆளைப் போடோணும் எண்டு கொன்ட்ராக்ட் பேப்பரில இருந்தது, அதாலதான் கூப்பிட்டது. பேப்பரில இல்லாட்டி இங்க ஆர் கூப்பிடப் போயினம், ஒரு நாலு காஸ் மீற்றரை வாடகைக்கு எடுத்து மேசையில வைச்சுப்போட்டு வேலை முடிஞ்சுது எண்டு சொல்லுறதுதான் வழக்கம்.

அந்த நாலு காஸ் மீற்றரைப் பற்றித்தான் முதல் எழுதோணும், ஏனெண்டா கனபேர் அது இருந்தாக் காணும் எண்டு நினைக்கினம். அதில ஒட்சிசன், கார்பன் மொனொக்சைட், ஐதரசன் சல்பைட், பிறகு எல்.ஈ.எல் எண்டு ஒண்டு இருக்கும். எல்.ஈ.எல் எண்டது காத்தில எவ்வளவு ஆவி கலந்தா நெருப்புப் பிடிக்கும் எண்ட கீழ் எல்லை. பெற்றோலுக்கு அது 1.4 சதவீதம், பிபிஎம் (பத்து லட்சத்தில எத்தினை பங்கு) கணக்கில 14,000. மீற்றர் 10 எண்டு காட்டினா, அதாவது அந்த எல்லையில நூற்றுக்குப் பத்து வந்தா, அலாரம் அடிக்கும், வேலையை நிப்பாட்டோணும், அதுவரைக்கும் சரிதான். ஆனா அந்த 10 எண்டது 1,400 பிபிஎம் பெற்றோல் ஆவி, எட்டு மணித்தியாலம் மூச்சில எடுக்கலாம் எண்டு அமெரிக்காவில ஏசிஜிஐஎச் எண்ட வேலைத்தளச் சுகாதார நிபுணர் சங்கம் வைச்சிருக்கிற அளவு 300. அப்ப அலாரம் அடிக்கேக்கயே பொடியன் அந்த அளவைப்போல நாலு மடங்குக்கு மேல இழுத்துக்கொண்டு நிக்கிறான். இன்னும் விசேசம், திரையில பூச்சியம் எண்டு கிடந்தாலும் நூறு பிபிஎம்முக்கு மேல அதுக்குள்ள ஒளிச்சுக் கிடக்கலாம், ஏனெண்டா அது ஒண்டு ஒண்டாத்தான் எண்ணும், ஒரு எண்ணுக்கு 140. மீதேனுக்கு அளவு சரிபாத்த மீற்றர் எண்டா பெற்றோலுக்கு இன்னும் குறைச்சுத்தான் காட்டும். பெற்றோலுக்குள்ள கலந்திருக்கிற பென்சீன் எண்ட நஞ்சைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை, அதுக்கு ஓஷா எண்ட அமெரிக்க அரசாங்க வேலைப் பாதுகாப்பு அமைப்பு வைச்ச எல்லை 1 பிபிஎம், அந்த மீற்றருக்கு அது கண்ணிலயே படாது.

இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தினது கொழும்புக்காரர் இல்லை, எங்கட ஒரு பொடியன்தான். அவன் முந்திக் கண்ணிவெடி எடுக்கிற வேலையில நிண்டவன். அந்த டிடெக்டர் இரும்புக்குத்தான் கத்தும், கத்தேல்ல எண்டாப்போல கால் வைக்கேலுமோ எண்டு கேட்டான், எல்லாருக்கும் உடன விளங்கீற்றுது. வன்னியில இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

வந்தவை ரெண்டு பேர், ஒரு சிங்களப் பெடியன், மற்றது வவுனியாப் பிள்ளை, பொடியள் மிஸ் மிஸ் எண்டுதான் கூப்பிட்டவங்கள். கொண்டந்த சாமான் நாலு காஸ் மீற்றர் ரெண்டு, பி.ஐ.டி ஒண்டு, காபனீரொட்சைட்டுக்கு தனி மீற்றர் ஒண்டு, ட்ரேகர் ரியூப் பெட்டி, இடுப்பில கட்டுற சின்னப் பம்ப் கொஞ்சம். பி.ஐ.டி எண்டது உள்ள ஒரு ஊதாக்கதிர் லைற் வைச்சு ஆவியை மின்னேத்தி எண்ணுற சாமான், பிபிஎம் கணக்கில, சில மீற்றர் அதுக்குக் கீழயும் காட்டும். காலமை வேலை தொடங்க முதல் அந்தப் பிள்ளை ஒவ்வொரு மீற்றருக்கும் சிலிண்டரில இருந்து காஸ் விட்டுப் பாத்தவ, பி.ஐ.டிக்கு 100 பிபிஎம் ஐசோபியூட்டிலீன். தொண்ணூற்றெட்டோ என்னவோ காட்டினது, கொப்பியில எழுதிப்போட்டுத்தான் அடுத்ததைத் தொட்டவ. நான் வேற இடங்களில பாத்த மீற்றருகளில ஸ்டிக்கர் மட்டும் இருக்கும், கலிப்றேஷன் முடிஞ்சு ரெண்டு மழை போயிருக்கும். இதுக்கே ஒரு மார்க் கூடப் போட்டனான். சிலிக்கோன் ஸ்பிறே, டாஷ்போட் பொலிஷ் மாதிரிச் சாமானை மீற்றருக்குக் கிட்டக் கொண்டரக் கூடாது, எல்.ஈ.எல் சென்சர் செத்துப்போம், செத்தது வெளியால தெரியாது, பூச்சியம் எண்டு வடிவாக் காட்டிக்கொண்டிருக்கும் எண்டும் சொன்னவ. என்ர பெக்கோக்காரன் தன்ர டாஷ்போட்டை மினுக்கிற போத்தலைப் பேசாமல் எடுத்து சீற்றுக்குக் கீழ வைச்சான்.

நாங்கள் செய்தது சோழகம் அடிக்கிற காலத்தில. தென்மேற்கில இருந்து பிடிச்சுத் தள்ளுற காத்து, புழுதி வேற. காத்தடிச்சா நல்லதுதானே, ஆவி எல்லாம் போயிடும் எண்டு நானும் நினைச்சுக்கொண்டு நிண்டனான், மேல நிண்டா அது சரி. கிடங்குக்குள்ள அப்பிடி இல்லை. பெற்றோல் ஆவி காத்தைவிட மூண்டு நாலு மடங்கு பாரம், கீழ இறங்கி மூலையில போய்ப் படுக்கும், மேலால காத்து விசிறிக்கொண்டு போகும், அடியில ஒண்டும் அசையாது. அந்தப் பிள்ளை பி.ஐ.டி குழாயை ஒரு தடியில கட்டி கிடங்கு விளிம்பில, இடுப்பு உயரத்தில, அடியில எண்டு மூண்டு இடத்திலயும் பிடிச்சுக் காட்டினவ. விளிம்பில ரெண்டு மூண்டு, அடியில அறுபது எழுபது. அதே கிடங்கு, அதே நிமிசம். காலமை வெள்ளென காத்து எழும்ப முதல்தான் மோசம், நாங்கள் வெயிலுக்குப் பயந்து வெள்ளெனத் தொடங்கிற ஆக்கள், அதால அவை சொல்லி தாங்கிக்குக் கிட்டப் போற வேலையை மட்டும் எட்டு மணிக்குப் பிறகு மாத்தினனாங்கள்.

நிரப்புற பைப்புக்குக் கீழ மண் எடுக்கேக்கதான் விளையாட்டுத் தொடங்கினது. வருசக்கணக்கா பௌசர்க்காரர் ஊத்தேக்க சிந்தினது முழுக்க அதுக்குள்ள. மண் சாம்பல் பூத்த கறுப்பு, பெக்கோ வாளி ஒருக்காப் பிரட்டினவுடன பி.ஐ.டி இருநூறைத் தாண்டி ஏறினது, இதெல்லாம் கிடங்குக்க நிக்கிறவன்ர மூக்கு மட்டத்தில. நாலு காஸ் மீற்றர் அப்பவும் ஒண்டோ ரெண்டோ எண்டு காட்டிக்கொண்டு நிக்குது. பி.ஐ.டிக்கு எல்லா ஆவியும் ஒண்டுதான், அதில பென்சீன் எவ்வளவு எண்டு அதால பிரிச்சுச் சொல்லேலாது, அதுக்குத்தான் ட்ரேகர் ரியூப். கண்ணாடிக் குழாயின்ர ரெண்டு முனையையும் உடைச்சு கைப்பம்பில மாட்டி இழுத்தா உள்ள இருக்கிற பொடி நிறம் மாறும், மாறின நீளத்தைப் பாத்து வாசிக்கிறது. பென்சீன் 5 பிபிஎம்முக்குக் கிட்ட நிண்டது. 15 நிமிசத்துக்கு ஓஷா வைச்ச எல்லையே 5தான். உடன ஆக்களை மேல ஏத்தி, மண்ணைக் காத்துப் போற பக்கம் ஒதுக்குப்புறமாக் குவிச்சு தறப்பாள் மூடி, பிறகு இறங்கினவன் எல்லாம் ஆவிக்கான கார்ட்ரிஜ் போட்ட மாஸ்க்கோடதான் இறங்கினவன். கொரோனா நேரம் போட்ட துணி மாஸ்க், நீல மாஸ்க் எல்லாம் இதுக்கு ஒண்டுக்கும் உதவாது, புழுதிக்கே அரைகுறை, ஆவி நேர உள்ள போகும்.

எங்கட ஆக்களுக்கு பெற்றோல் மணம் எண்டா பயமே இல்லை, அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. சண்டை நேரம் பெற்றோலுக்குத் தடை போட்டிருந்த காலத்தில மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின சனம் நாங்கள், சின்னப் போத்தலில பெற்றோல் வைச்சு நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணினது, வாயால ரியூப்பில இழுத்தது, விழுங்கினது கூட நடந்திருக்கு. அதுக்குள்ள வளந்த ஆளிட்டப் போய் மணக்குதோ எண்டு கேட்டா சிரிப்பான். மூக்கை நம்பேலாது எண்டு அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னவ, பென்சீன் எல்லையைத் தாண்டின பிறகும் மூக்குக்குத் தெரியாமல் இருக்கும், ஐதரசன் சல்பைட் 100 பிபிஎம் தாண்டினா மணக்கிற சக்தியையே சாகடிச்சுப்போடும். தலையிடி, தலைச்சுத்து அண்டைக்கே வரும், அண்டைக்கே போகும். பென்சீன் செய்யிற வேலை எலும்பு மச்சையில, இரத்தப் புற்றுநோய் எண்டு வாறது எத்தினையோ வருசத்துக்குப் பிறகு, அந்த நேரம் எந்தக் கொன்ட்ராக்டரும் பக்கத்தில நிக்கமாட்டான்.

இந்த சேர்விஸில எனக்கு மிச்சம் பிடிச்சது ட்ரை ஐஸ் அண்டைக்கு நடந்தது. தாங்கிக்குள்ள எஞ்சின ஆவி வெடிக்காமல் இருக்க ட்ரை ஐஸ், அதாவது உறைஞ்ச காபனீரொட்சைட், போடுறது, 1,000 லீற்றருக்கு 2 கிலோவுக்குக் கிட்ட எண்டு கணக்கு, அது வாயுவா மாறி ஒட்சிசனை வெளியில தள்ளும். கொழும்பில இருந்து றெஜிபோம் பெட்டியில, திறந்த லொறியில கொண்டந்தவை, ஏசி வானுக்குள்ள வைச்சு மூடிக்கொண்டு வந்தா ட்றைவருக்கே மயக்கம் வருமாம். தாங்கியில இருந்து வெளிய வாற வாயுவுக்கு 12 அடி உயரத்தில பைப் போட்டது. ஆனா எல்லாம் பைப்பால போகாது, மூடியடியால கசியும், கசிஞ்சது பாரம், திரும்பக் கிடங்குக்குள்ளதான் வரும். இங்கதான் விசயம் இருக்கு. எங்கட ஆக்கள் ஒட்சிசன் மீற்றர் சாதாரண காத்து அளவான 20.9 சதவீதத்தில நிக்குதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கினம், 19.5 க்கு வந்தா அலாரம். அந்த 20.9 ஐ 19.5 ஆக இறக்கிறதுக்கு எவ்வளவு காபனீரொட்சைட் வந்து கலக்கோணும் எண்டு அந்தப் பிள்ளை சீமெந்துப் பையில கணக்குப் போட்டுக் காட்டினவ, 6.7 சதவீதம், 67,000 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து எண்டு போட்டிருக்கிற அளவு 40,000. அலாரம் அடிக்க முதலே ஆள் விழுந்திடும். அதாலதான் தனி மீற்றர் கொண்டந்தவை, அது உண்மையாவே ஒருக்கா கத்தினது, ஒட்சிசன் மீற்றர் அப்ப 20.6 எண்டு சாதுவா நிண்டது. அதோட இன்னொண்டு, ஒட்சிசன் குறைஞ்ச தாங்கிக்குள்ள எல்.ஈ.எல் சென்சருக்கு எரிக்கிறதுக்கு ஒட்சிசன் இல்லை, அதால அது பொய்யாக் குறைச்சுக் காட்டும், அப்ப முதல் ஒட்சிசனைப் பாத்துத்தான் மற்றதை நம்புறது. நாலு காஸ் மீற்றரை மட்டும் வாடகைக்கு எடுத்து ட்ரை ஐஸ் வேலை செய்யிற எல்லாருக்கும் இதைப் பிரிண்ட் எடுத்துக் குடுக்கலாம்.

இனிக் குறைகள்.

ஆள்மேல போடுற பம்ப் எண்டு சொன்னனே, அது இடுப்பில கட்டி, ஒரு குழாயைக் கழுத்துக் கொலரில குத்தி, அந்தக் குழாய் நுனியில கரி நிரப்பின கண்ணாடி ரியூப். நிமிசத்துக்கு 0.2 லீற்றர் அல்லது அதுக்குக் கீழ மெல்லமா இழுக்கும், பின்னேரம் மூடி போட்டுக் குளிர்ப்பெட்டியில வைச்சு லாப்புக்கு அனுப்புறது, கொண்டந்த சாமானில அதுதான் அந்த மனுசன்ர மூக்கடிக் காத்தில அண்டைக்கு முழுக்க எவ்வளவு இருந்தது எண்டு சொல்லுறது. அதை முதல் ஆருக்குக் கட்டினவை தெரியுமோ, எங்கட சுப்பவைசருக்கு. அவர் வேப்பமரத்துக்குக் கீழ கதிரை போட்டு இருக்கிறவர், நல்ல மனுசன், ஆனா அவர்ர மூச்சில என்னத்தை அளக்கப் போறியள்? சிங்களப் பெடியன் லிஸ்ட்டில அவர்ர பேர்தான் முதல் இருக்கு எண்டு நிண்டவன். நான் கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் கிடங்குக்குள்ள பைப் கழட்டுற தம்பிக்கும் பெக்கோக்காரனுக்கும் கட்ட வைச்சனான். தம்பிக்கு அது தொங்கித் தொங்கி இடைஞ்சல், குனியேக்க ஸ்பேனரில அடிபடுது எண்டு சேட் பொக்கற்றுக்குள்ள செருகிப்போட்டு வேலை செய்துகொண்டு நிண்டான், வேர்வையில சேட் ஒட்டிப்போய்க் கிடக்கு. மிஸ் கண்டுட்டு கிடங்கு விளிம்பில குந்தி இருந்து திரும்ப எடுத்துக் கொலரில குத்தி, நேரத்தைக் கொப்பியில குறிச்சு, பொக்கற்றுக்க இருந்தா உன்ர பொக்கற் இழுத்ததைத்தான் லாப் சொல்லும் தம்பி எண்டவ. அண்டையில இருந்து அவன் அடிக்கொருக்கா தொட்டுப் பாப்பான். ஆக்களைத் தெரிவு செய்யிற விசயத்தில கம்பனி கவனமா இருக்கோணும், ஆவிக்குக் கிட்ட நிக்கிறவன்தான் லிஸ்ட்டில முதல் வரோணும்.

றிப்போட். வேலை முடிஞ்சு, தாங்கியும் போய், கிடங்கும் மூடி, பொடியள் வேற வேலைக்குப் போன பிறகுதான் வந்தது. முழுக்க இங்கிலிஸ். பக்கம் பக்கமா கிராஃப், கடைசியில தம்பியின்ர பென்சீன் 0.4 பிபிஎம், எல்லைக்குள்ள எண்டு பச்சை நிறத்தில ஒரு பெட்டி. அந்தப் பச்சைதான் எனக்குப் பிடிக்கேல்ல. ஓஷாவின்ர 1 பிபிஎம்மோட பாத்தா பச்சை, அதே அமெரிக்காவில நயோஷ் எண்ட வேலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுற 0.1 ஓட பாத்தா நாலு மடங்கு சிவப்பு. எந்த எல்லையோட பாத்தனாங்கள், ஏன் அதை எடுத்தனாங்கள் எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாம். அதோட ஓஷா எல்லை எட்டு மணித்தியால வேலைக்கு, எங்கட பொடியள் காலமை தொடங்கி இருட்டுமட்டும் நிக்கிறவங்கள், நேரம் கூடினா எல்லையைக் குறைச்சுப் பாக்கோணும், உடம்பு ஆறுறதுக்கு நேரம் குறையுதெல்லோ, அதையும் காணேல்ல. மாஸ்க் போட்டிருந்த நேரத்தையும் எழுதேல்ல, பம்ப் அளக்கிறது மாஸ்க்குக்கு வெளியால இருக்கிற காத்தை, அப்ப அந்த 0.4 உண்மையா உள்ள போனதோ இல்லையோ எண்டு றிப்போட்டை வைச்சுச் சொல்லேலாது.

ஈயமும் விட்டுப்போச்சு. இலங்கையில ஈயம் கலந்த பெற்றோலை நிப்பாட்டினது 2002 இல. இந்தத் தாங்கியள் அதுக்குக் கனகாலம் முந்தினது, அடியில கிடந்த சேத்தில ஈயம் இருக்கும் எண்டுதான் வைச்சு நடக்கோணும். பி.ஐ.டி அதைப் பற்றி ஒண்டும் சொல்லாது, தனியா சேத்தை எடுத்து லாப்பில பாக்கோணும். கேட்டதுக்கு அது இந்த விலைக்குள்ள வராது எண்டிட்டினம். நாங்கள் எங்கட பாட்டில தடிச்ச கையுறையும் பூட்ஸும் போட்டு, சேத்தை ட்றம்மில அடைச்சு, ஆரும் தாங்கியை அங்கேயே வெட்டக்கூடாது எண்டு நிண்டனாங்கள். பழைய இரும்புக்காரர் காஸ் கட்டரோட அண்டைக்கே வந்து நிண்டவை, அது தனிக் கதை. சுன்னாகத்தில கிணத்துக்குள்ள எண்ணெய் வந்த கதை தெரிஞ்ச சனம், செட்டுக்குப் பின்னால இருக்கிற வீட்டு அம்மா ஒவ்வொரு நாளும் வேலிக்கு வந்து தம்பி எங்கட கிணறு எண்டு கேட்டவ. கிணத்துத் தண்ணி சோதிக்கிறதும் இந்த சேர்விஸில இல்லை, அதுக்கு வேற ஆள்.

விலை எவ்வளவு எண்டு இங்க போடேல்ல, வேலையைப் பொறுத்து மாறும், ஆனா எங்களுக்கு வந்த பில்லில போக்குவரத்தும் தங்குமிடமும்தான் பெரிசு, மீற்றர் வாடகை அதுக்குப் பிறகுதான். அதால ஒரே கிழமையில கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் பக்கம் ரெண்டு மூண்டு வேலையைச் சேத்துக் கூப்பிட்டா எல்லாருக்கும் லாபம். டீசல் தாங்கி மட்டும் எண்டா இவ்வளவு சாமானும் தேவைப்படாது, டீசல் ஆவி குறைவு, அங்க தோலில படாமல் பாக்கிறதுதான் பெரிய வேலை, அதைச் சொல்லி விலை பேசலாம். கூப்பிடேக்க காபனீரொட்சைட் மீற்றர் தனியா வருதோ, பி.ஐ.டி லைற் எத்தினை ஈவி (லைற்றின்ர சக்தி அளவு) எண்டு கேளுங்கோ, 10.6 எண்டா பென்சீனுக்குக் காணும். மாரியில எண்டா ஈரப்பதனுக்கு என்ன செய்வினம் எண்டும் கேளுங்கோ, நனைஞ்ச காத்தில பி.ஐ.டி குறைச்சுக் காட்டும், எங்கட ஐப்பசி கார்த்திகை மழை தெரியும்தானே. புழுதிக்கு முன்னால போடுற வடிகட்டி மேலதிகமாக் கொண்டரச் சொல்லுங்கோ, எங்களுக்கு மத்தியானத்துக்குள்ளேயே சிவந்து அடைச்சுப் போட்டுது.

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இல இருந்து கிடக்கு, நச்சு வாயு இருக்கக்கூடிய தாங்கிக்குள்ள ஆளை இறக்க முதல் என்ன செய்யோணும் எண்டு அதில இருக்குது, சட்டம் இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. அந்த வவுனியாப் பிள்ளை மாதிரி ரெண்டு பேர் வடக்கில நிரந்தரமா இருந்தா இந்த லொறிக்கூலி, ஹோட்டல் பில் எல்லாம் இல்லை.

அடுத்ததா மாங்குளம் பக்கம் இன்னொரு பழைய தாங்கி வேலை வருது, இதே ஆக்களைத்தான் கூப்பிடப்போறன். லிஸ்ட் நான்தான் எழுதுவன், ஆருக்குப் பம்ப் கட்டுறது எண்டு. மிச்சக்காசு தமிழ் றிப்போட் கையில வந்தாப் பிறகு எண்டு போனில சொல்லிப்போட்டன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பேந்து சரி எண்டவை.